ஏற்காட்டுக் காபியை வறுத்து விற்க: கையில் இருக்கும் போனோடு ஒரு தொடக்கம்

காபி பிடிக்கும், அதனால் காபித் தொழில் தொடங்கலாமா என்று கேட்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. குடிக்கப் பிடிக்குமா, பொறுக்கப் பிடிக்குமா? சிறிய அளவில் வறுத்து விற்பவர் ஒரு நாளில் காபி குடிப்பது பத்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் கறுத்த கொட்டையைப் பொறுக்குவது, அடுப்பு முன்னால் நிற்பது, எடை போடுவது, பை ஒட்டுவது, "பொடியாங்க, கொட்டையாங்க?" என்று இருபது பேரிடம் கேட்பது என்று போகும். அந்த வேலையில் கை தானாக ஓடினால் தொழில் நிற்கும். குடிக்கும் ஆசையோடு மட்டும் வந்தவர்கள் மூன்றாம் மாதம் களைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல், ஆசைக்கு ஞாபகசக்தி குறைவு. போன வாரம் ஒரு வறுவல் அருமையாக வந்தது என்று நினைவிருக்கும். எத்தனை நிமிடம், எவ்வளவு தீ, எந்த மூட்டை என்பது நினைவிருக்காது. எழுதி வைத்தவருக்குத்தான் அந்த ருசி மறுபடி வரும். எழுதி வைக்கத் தேவையான எல்லாமே நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கும் போனில் இருக்கிறது. சேலத்திலோ ஏற்காட்டிலோ வீட்டிலிருந்து தொடங்கி, மாதம் 40 கிலோ வரை விற்க நினைப்பவர்களுக்கான வழிமுறை இது.

முதல் 30 நாள், 5 கிலோ

மெஷின், பெயர், லோகோ எதுவும் இப்போது வேண்டாம். 5 கிலோ பச்சைக் கொட்டை, கனமான ஓர் இரும்பு வாணலி, நீளக் கைப்பிடி உள்ள மரக்கரண்டி, இரண்டு பெரிய சல்லடை, ஒரு டேபிள் ஃபேன், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, இவை போதும். தடவைக்கு 200 கிராம் என்றால் 25 வறுவல் வரும். இந்த 25ஐயும் 30 நாளுக்குள் முடியுங்கள். பாதியில் மனம் சலித்தால் அதுவும் ஒரு பதில்தான். ஐந்து கிலோ கொட்டையின் விலையில் அந்தப் பதில் கிடைப்பது நல்லது. ஒரு லட்சம் கடன் வாங்கிய பிறகு அது தெரியவருவது கொடுமை.

இந்த 30 நாளுக்கு ஒரு போன் கட்டுப்பாடு: காபி வீடியோ பார்ப்பது தினம் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்ற பகுதியில் ஒவ்வொரு செயலிக்கும் நேர வரம்பு வைக்கலாம். வறுக்கும் வீடியோ பார்த்தால் வறுத்த மாதிரியே ஒரு நிறைவு வந்துவிடும். ஆனால் கைக்கு எதுவும் வந்திருக்காது.

கொட்டை வாங்கும்போது

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி 1820களிலிருந்து இருக்கிறது. அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்தது. சில்வர் ஓக் மர நிழலில், மிளகுக்கொடி படர்ந்த தோட்டங்களில் பெரும்பாலும் அராபிகா வகை. பழம் பறிப்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஆகவே புதுக் கொட்டை காய்ந்து, தோல் உரித்து விற்பனைக்கு வருவது பிப்ரவரிக்குப் பிறகு.

இரண்டு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். பழத்தின் சதையை நீக்கி, கழுவிக் காய வைத்தது பார்ச்மென்ட். அதைத் தோலுரித்துத் தரம் பிரித்தால் 'பிளான்டேஷன் ஏ', 'பிளான்டேஷன் பி' என்று கடைகளில் சொல்வது வரும். பழத்தோடு அப்படியே காய வைத்து உரித்தது செர்ரி. இரண்டிலும் ஒற்றைக் கொட்டையாக உருண்டு வருவது பீபரி. பார்ச்மென்ட் வழி வந்ததில் புளிப்பும் தெளிவும் கூடுதல். செர்ரியில் கனமும் இனிப்பும் கூடுதல். வறுக்கும் வேகமும் மாறும் என்பதால் இரண்டையும் ஒரே வாணலியில் போடக் கூடாது. தனித்தனியாக வறுத்துப் பிறகு கலக்க வேண்டும்.

வாங்கும் இடத்தில் 300 கிராம் மாதிரி எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். நிறம் ஒரே சீராக, நீலம் கலந்த பச்சையாக அல்லது சாம்பல் பச்சையாக இருக்க வேண்டும் (செர்ரியானால் சற்று மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும்). வெளிறி வெள்ளையடித்திருந்தால் மலை ஈரத்தில் நாள்பட்டுக் கிடந்தது. கறுத்தது, உடைந்தது, துளை விழுந்தது மூன்றையும் தனியாகப் பொறுக்கி எடை போடுங்கள். 300 கிராமில் 9 கிராம் என்றால் 3 சதவீதம். இந்த எண்ணைப் பின்னால் விலைக் கணக்கில் போட வேண்டியிருக்கிறது. ஈரப்பதம் 10 முதல் 11.5 சதவீதம் இருந்தால் நல்லது. மீட்டர் உள்ள இடத்தில் காட்டச் சொல்லுங்கள். மீட்டர் இல்லையென்றால் கடித்துப் பாருங்கள்: பல் பதிந்தால் இன்னும் காயவில்லை.

மாதிரியைப் போட்டோ எடுக்கும்போது மூட்டையின் குறியும் அதே படத்தில் தெரிய வேண்டும். போனில் பேசி முடித்த விலையை உடனே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்: "அண்ணா, பேசினபடி பிளான்டேஷன் ஏ 30 கிலோ, இந்த வருஷக் கொட்டை, செவ்வாய்க்கிழமை காலைல வந்து எடுத்துக்கறேனுங்க. விலை கீழே போட்டிருக்கேன், சரிதானுங்களா?" அவர் 'சரி' என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும். பிறகு மனக்கசப்பு வராது. இது சந்தேகப்படுவது ஆகாது. இருவரும் மறந்துபோகக் கூடியவர்கள், அவ்வளவுதான்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும்போதும், தோட்டங்களுக்குள்ளும் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். முந்தின இரவே வரைபடத்தின் அந்தப் பகுதியை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். கணக்குத் தாளையும் (கூகுள் ஷீட்ஸில் எழுதுவது, பின்னால் வருகிறது) 'ஆஃப்லைனில் கிடைக்கும்படி' மாற்றி வையுங்கள். யூபிஐ நடுவில் நின்றுபோகும் இடம் என்பதால் கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

முதல் தடவை 30 கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம். விலை ஏறப்போகிறது என்று யார் சொன்னாலும் சரி. மூட்டையைத் தரையிலிருந்து அரையடி உயர்த்தி, பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஏற்காட்டில் வைத்தால் மழைக்காலப் பனிமூட்டம் கொட்டைக்குள் ஈரத்தை ஏற்றும். சேலத்தில் வைத்தால் ஏப்ரல், மே வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் காய்ந்து மணம் இழக்கும். கான்கிரீட் கூரையுள்ள, ஜன்னல் வெயில் படாத உள்ளறைதான் சேலத்து வீட்டில் சரியான இடம்.

வறுவலும் அதன் பதிவும்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வாணலியை நடுத்தரத் தீயில் 4 நிமிடம் காய வைத்து 200 கிராம் கொட்டையைப் போடுங்கள். போட்ட நொடியில் போனில் ஸ்டாப்வாட்சை ஓட விடுங்கள். கை நிற்கக் கூடாது. 4, 5 நிமிடத்தில் பச்சை மாறி மஞ்சளாகும். ஈர வைக்கோல் வாசனை போய், ரொட்டி சுடும் வாசனை வரும். அப்போது 'லேப்' பொத்தானை ஒரு தட்டு. 8, 9 நிமிடத்தில் பட், பட் என்று வெடிப்புச் சத்தம் தொடங்கும். இதுதான் முதல் வெடிப்பு. கொட்டையின் சூடு அப்போது 200 டிகிரியை நெருங்கியிருக்கும். இன்னொரு தட்டு. அந்தச் சத்தம் அடங்கி, ஒரு இடைவெளி விட்டு, இன்னும் மெல்லிய, நெருக்கமான சத்தம் தொடங்கினால் அது இரண்டாம் வெடிப்பு. பில்டர் காபிக்கு இந்த இரண்டுக்கும் நடுவில், இரண்டாவது ஆரம்பிக்கும் தறுவாயில் இறக்குவது வழக்கம். இறக்கியதும் கடைசித் தட்டு.

இறக்கிய கொட்டை உள்சூட்டில் தொடர்ந்து வறுபடும். அதனால் நாலு நிமிடத்துக்குள் கை பொறுக்கும் சூட்டுக்கு வர வேண்டும். இரண்டு சல்லடையில் மாற்றி மாற்றிக் கொட்டி ஃபேன் முன்னால் பிடியுங்கள். சருகு போல் பறக்கும் மெல்லிய தோல் அடுப்புப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

ஆறியதும் மறுபடி எடை. 200 கிராம் போட்டு 168 கிராம் வந்தால் இழப்பு 32 கிராம், 16 சதவீதம். இந்த ஒரு எண்ணைப் போல் உண்மை பேசும் எண் வேறில்லை. இளம் வறுவலில் 12, 13. நடுத்தரத்தில் 14 முதல் 16. பில்டருக்கான அடர் வறுவலில் 17 முதல் 19. கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரிந்த இரண்டு வறுவலில் ஒன்று 15, இன்னொன்று 18 என்று வந்தால் ருசி நிச்சயம் வேறாக இருக்கும். கண்ணை நம்பாமல் தராசை நம்புங்கள்.

கூகுள் ஷீட்ஸில் ஒரே ஒரு தாள் திறந்து, ஒவ்வொரு வறுவலுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, வறுவல் எண், மூட்டைக் குறி, போட்ட எடை, மஞ்சளான நேரம், முதல் வெடிப்பு, இறக்கிய நேரம், வந்த எடை, இழப்புச் சதவீதம், ருசிக் குறிப்பு. இழப்பை ஷீட்டே கணக்கிடும்படி ஒரு சூத்திரம் போட்டுவிட்டால் பிழை வராது. கை அழுக்காக இருக்கும்போது ஜிபோர்டில் (கூகுளின் விசைப்பலகைச் செயலி) மைக்கைத் தட்டித் தமிழிலேயே சொல்லலாம். எண்களை மட்டும் பிறகு ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். 'பதினாறை' அறுபதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு.

நிறத்துக்காகப் போட்டோ எடுப்பவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்றபடி நிறத்தைத் தானே மாற்றிவிடும். காலையில் எடுத்ததும் இரவு டியூப்லைட்டில் எடுத்ததும் ஒப்பிட முடியாது. ஒரே ஜன்னல், ஒரே நேரம், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள், ஃபிளாஷ் இல்லாமல் என்று வைத்துக்கொண்டால்தான் படம் பயன்படும்.

வறுக்கும் 12 நிமிடமும் போன் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' நிலையில் இருக்கட்டும். முதல் வெடிப்புக்குப் பிறகு அரை நிமிடம் கவனம் சிதறினாலும் வறுவல் அடுத்த நிலைக்குப் போய்விடும். ஒரு போன் அழைப்பில் 200 கிராம் போகும். மெஷின் வந்த பிறகு 750 கிராம் போகும். போனை அடுப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, கண்ணுக்கு நேராக ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

வழக்கமாக எங்கே கெடுகிறது? தீ அதிகமாக இருந்து 6 நிமிடத்துக்குள் வெடித்தால் நுனி கருகி, நடுவில் வேகாமல், கசப்பும் புளிப்பும் சேர்ந்து அடிக்கும். கொட்டையை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளிறியிருக்கும். தீ குறைந்து 13, 14 நிமிடம் கழித்து வெடித்தால் மணமே இல்லாமல் சப்பென்று இருக்கும், காய்ந்த ரொட்டியைப் போல. அதே தீ, அதே எடை, ஆனாலும் திடீரென்று எல்லா நேரமும் ஒரு நிமிடம் தள்ளிப்போனால் கொட்டை ஈரம் வாங்கியிருக்கிறது. ஐப்பசி மழையில் இது சாதாரணம். தாளில் முந்தைய வரிகள் இருந்தால் இதை ஒரே பார்வையில் கண்டுபிடிக்கலாம். இல்லாவிட்டால் அடுப்பைக் குறை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

யார் வீட்டுத் தண்ணீரில் ருசி பார்ப்பது

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். அங்கே தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சேலத்தில் 99க்குப் பக்கத்தில் கொதிக்கும். அதே பொடி மலையில் சற்று லேசாகவும், கீழே வந்தால் அடர்த்தியாகவும் கசப்பாகவும் இறங்கும். மலையில் குடித்துப் பார்த்து 'இதுதான் சரி' என்று முடிவு செய்த கலவை, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டில் வேறு மாதிரி இருப்பதற்கு இது ஒரு காரணம். தண்ணீர் இன்னொரு காரணம். மேட்டூர்க் காவிரித் தண்ணீரில் இறங்கும் டிகாஷன் வேறு, உப்பு அதிகமான போர்த் தண்ணீரில் இறங்குவது வேறு. போர்த் தண்ணீர் புளிப்பை அமுக்கி, சுவையை மந்தமாக்கிவிடும்.

ஆகவே மாதிரி கொடுக்கும்போது கேன் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா, போரா என்று ஒரு கேள்வி கேளுங்கள். 25 வறுவலிலிருந்தும் நல்லதாகத் தோன்றும் மூன்றை எடுத்து, பதிவில் உள்ளபடி தேவையான அளவு மறுபடி வறுத்து, 50 கிராம் பொட்டலங்களாக 10 வீடுகளுக்குக் கொடுங்கள். பெயர் எழுதாமல் 1, 2, 3 என்று மட்டும் குறியிடுங்கள். கருத்தை வாட்ஸ்அப்பில் கேட்டால் எல்லோரும் 'சூப்பர்' என்பார்கள். "மூணுல எது மொதல்ல தீர்ந்துச்சு?" என்று கேளுங்கள். அதற்கு முகஸ்துதியாகப் பதில் சொல்ல முடியாது.

ஆசை காலை வாரும் முதல் இடம் இது. வறுப்பவருக்கு இளம் வறுவல், புளிப்பு, பழ வாசனை எல்லாம் பிடித்துப்போய்விடும். சேலத்து வீடுகளில் பெரும்பாலோர் குடிப்பது சிக்கரி கலந்த, பால் சேர்த்த காபி. சிக்கரி கலப்பதைக் கேவலமாக நினைப்பவர்கள் இந்தத் தொழிலில் பாதி ஊரை இழக்கிறார்கள். 80க்கு 20, 70க்கு 30 என்று இரண்டு கலவையும், சிக்கரி இல்லாத ஒன்றும் வைத்துக்கொண்டால் போதும். சிக்கரி காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகும். அதனால் அரைத்த பிறகு மொத்தமாகக் கலந்து வைக்காமல், ஆர்டருக்கு ஏற்பக் கலந்து கொடுங்கள்.

வறுத்த கொட்டையிலிருந்து வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். 24 முதல் 48 மணி நேரம் மூடி லேசாக வைத்த டப்பாவில் விட்டுப் பிறகுதான் பையில் அடைக்க வேண்டும். அன்றே சீல் வைத்தால் பை பலூன் மாதிரி உப்பி ஒட்டு விடும். ஒருவழி வால்வு உள்ள பை வாங்கினால் இந்தத் தொல்லை குறையும்.

விலைக் கணக்கு

கீழே உள்ள எண்கள் கணக்குப் போடும் முறைக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் விலைகளைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பச்சைக் கொட்டை கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 கிராம் கழிவு போனால் 970 கிராம் அடுப்பேறும். 16 சதவீதம் இழந்தால் கையில் 815 கிராம். 500ஐ 0.815ஆல் வகுத்தால், வறுத்த ஒரு கிலோவின் கொட்டைச் செலவு 614 ரூபாய். பச்சைக் கொட்டை விலையையே அடக்கமாக நினைத்து விலை வைப்பவர், கிலோவுக்கு 114 ரூபாயைத் தெரியாமலே விட்டுக்கொடுக்கிறார்.

கேஸும் மின்சாரமும் 20. கால் கிலோப் பை நாலு, ஒன்று 12 வீதம் 48. லேபிள் நாலு, 12. உங்கள் கூலி 80. இந்தக் கூலியைத்தான் ஆசைப்பட்டு ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 'நமக்குப் பிடிச்ச வேலைதானே' என்று. நாளைக்கு ஒரு ஆளை வைத்தால் அவருக்குப் பிடித்திருக்கிறது என்று சம்பளம் வாங்காமல் இருக்கமாட்டார். எழுதுங்கள், 80. ஆகக் கூடி 774. மாதிரி கொடுத்தது, சிந்தியது, கெட்டது என்று 5 சதவீதம் போனால் 815. 60,000 ரூபாய் மெஷினை மூன்று வருடத்தில், மாதம் 40 கிலோவில் பிரித்தால் கிலோவுக்கு 42. அடக்கம் 857.

கால் கிலோ 300 ரூபாய்க்கு நேரடியாக விற்றால் கிலோவுக்கு 1,200. கையில் 343 நிற்கும். கடைக்காரருக்கு 20 சதவீதம் கொடுத்தால் உங்களுக்கு 960, நிற்பது 103. பாதி நேரடி, பாதி கடை என்று 40 கிலோ விற்றால் லாபம் 8,920, அதோடு கூலி 3,200. மொத்தம் 12,120 ரூபாய். வேலையை விட்டுவிட்டு இறங்கும் தொகை இது இல்லை. வேலையோடு சேர்த்து ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கும் தொகை. நேரடி விற்பனைக்கும் கடை விற்பனைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் மறுபடி கேட்டு வாங்கும் 40 வீடுகள் ஏன் பத்துக் கடைகளை விட முக்கியம் என்பது அந்த இடைவெளியில் இருக்கிறது.

ஆர்டர் வரும் வழி

சொந்த எண்ணைக் கொடுக்காமல் தனி சிம் ஒன்றில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் போட்டோக்களுக்கு நடுவில் ஆர்டர் தொலைந்துபோவது இதனால் நிற்கும். கேட்டலாக்கில் மூன்றே பொருள், விலையோடு. விலை இல்லாமல் 'இன்பாக்ஸ் பண்ணுங்க' என்று போட்டால் பாதிப் பேர் கேட்காமலே போய்விடுவார்கள்.

குயிக் ரிப்ளையில் ஒரு கேள்விப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: பெயர், எத்தனை கிராம், கொட்டையா பொடியா, சிக்கரி எவ்வளவு, பில்டரா வேறா, முகவரியும் பின்கோடும். ஆர்டர் உறுதியானதும் இதே வரிசையில் நீங்கள் திருப்பி எழுதி அனுப்புங்கள். 'வழக்கம்போல' என்று வரும் ஆர்டருக்கும் திருப்பி எழுதியே தீர வேண்டும். புது ஆர்டர், பணம் வந்தது, அனுப்பியது என்று மூன்று லேபிள் போதும்.

பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் செய்தி போகும். எனவே முதல் பொட்டலத்திலேயே 'எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு சீட்டு வையுங்கள். மாதம் இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம்: வறுக்கும் நாள் ஒன்று, புதுக் கொட்டை வந்தால் ஒன்று. கேட்காமல் குரூப்பில் சேர்த்தால் பிளாக் செய்வார்கள், அதில் தப்பும் இல்லை.

பொடி இரண்டு மூன்று வாரத்தில் மணம் இழக்கும். ஆகவே கால் கிலோ வாங்கியவர் எத்தனை நாளில் மறுபடி கேட்கிறார் என்பதை ஷீட்டில் குறியுங்கள். 20ஆம் நாள் ஒரு வரி: "அக்கா, காபித்தூள் தீர்ந்திருக்குமே, வியாழக்கிழமை வறுக்கறோம், எடுத்து வைக்கட்டுங்களா?" இதற்கு ஈடான விளம்பரம் கிடையாது.

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். வீட்டு முகவரியைக் காட்ட விருப்பமில்லை என்றால் அதை மறைத்து, விநியோகம் செய்யும் பகுதியை மட்டும் குறிப்பிடலாம். ஏற்காட்டுக்கு மே மாதக் கோடை விழாவுக்கு வருபவர்கள் போனில் தேடித்தான் காபி வாங்க இடம் பார்க்கிறார்கள். ஏப்ரல் நடுவிலேயே படங்களையும் நேரத்தையும் சரிசெய்துவிடுங்கள். ஆனால் மே மாத விற்பனையை வைத்து ஜூனுக்குக் கொட்டை வாங்காதீர்கள்.

பணம்

தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதற்கு மட்டும் ஒரு கியூஆர். வீட்டுச் செலவு அதில் கலந்தால் மாதக் கடைசியில் லாபம் எது, அரிசி வாங்கியது எது என்று பிரிக்க முடியாது.

பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பொருளைக் கொடுக்காதீர்கள். அதைப் போலியாகத் தயாரிப்பது சுலபம். வங்கிச் செயலியில் வரவு தெரிந்த பிறகே பொட்டலம் போக வேண்டும். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. 'பின் போட்டால் பணம் வரும்' என்று யார் சொன்னாலும் அது மோசடி. ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

இரவு ஒன்பதுக்கு அலாரம் வைத்து, பத்து நிமிடம்: இன்றைய ஆர்டர், வந்த பணம், கையிருப்புக் கொட்டை. மூன்றையும் ஷீட்டில் ஏற்றிவிட்டுத்தான் மற்ற செயலிகள்.

காகித வேலை, சுருக்கமாக

உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு இல்லாமல் விற்கக் கூடாது. அதன் போஸ்காஸ் தளத்தில் போனிலிருந்தே விண்ணப்பிக்கலாம். வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் அன்று அதே தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண் பையில் அச்சாக வேண்டும். சிக்கரி கலந்தால் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டின் சதவீதமும் பையில் தெரிய வேண்டும்.

பையில் தயாரிப்பவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் வருடமும், எவ்வளவு நாளைக்குள் பயன்படுத்த வேண்டும், வரிகள் உட்பட்ட அதிகபட்ச விலை, ஒரு கிராமின் விலை (300 ரூபாய்க்கு 250 கிராம் என்றால் 1.20), புகார் சொல்ல போன் எண். தராசு முத்திரையிட்டதாக இருக்க வேண்டும். சமையலறைத் தராசு பயிற்சிக்குத்தான். முத்திரையும் பொட்டலமிடுபவர் பதிவும் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம், ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். தேடும்போது மேலே வரும் சில தளங்கள் பணம் கேட்கும். முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்து அரசுத் தளத்துக்குள் போங்கள். வேறு மாநிலத்துக்குப் பொருளை விற்க ஆரம்பித்தால் ஜிஎஸ்டி பதிவு தேவை, விற்றுமுதல் சிறிதாக இருந்தாலும். மானியக் கடன் பற்றிக் கேட்க வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். பெயர் வைக்கும் முன் வணிகக் குறிப் பதிவேட்டில் 30ஆம் வகுப்பில் தேடிவிடுங்கள். லேபிள் 2,000 அச்சடித்த பிறகு தேடுவது வீண். பெயரில் 'ஏற்காடு' என்று வந்தால் பைக்குள் இருப்பதும் முழுக்க ஏற்காட்டுக் கொட்டையாகவே இருக்கட்டும்.

போன் தொலைந்தால்

தொழில் முழுக்க ஒரு போனில் இருக்கிறது என்பதால் இதை முதல் வாரமே செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்புப் பின்னும் மீட்பு மின்னஞ்சலும் போடுங்கள். தினசரி பேக்கப்பை இயக்குங்கள். ஆண்ட்ராய்டில் அது கூகுளின் 15 ஜிபி இலவச இடத்தில்தான் சேரும். இடம் நிறைந்தால் பேக்கப் நின்றுவிடும். வறுவல் வீடியோக்களை மாதம் ஒரு தடவை பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். ஷீட்டை வீட்டில் இன்னொருவரோடு பகிர்ந்து வையுங்கள். தொலைந்துவிட்டால் முதலில் சிம்மை முடக்கி, வங்கிக்குச் சொல்லி, பிறகு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம்.

மெஷின் எப்போது

30 வீடுகளில் 12 வீடாவது நீங்கள் நினைவூட்டாமலே மூன்றாம் தடவை கேட்டிருக்க வேண்டும். வாணலியில் ஒரே மூட்டைக் கொட்டையின் கடைசி ஐந்து வறுவலில் எடை இழப்பு ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் நிற்க வேண்டும். இரண்டும் நடந்திருந்தால் ஒரு கிலோ டிரம் மெஷின் பார்க்கலாம். விற்பவர் காட்டும் கொட்டையில் சோதனை வேண்டாம், உங்கள் மூட்டையிலிருந்து 3 கிலோ கொண்டு போங்கள். ஒரு கிலோ மெஷின் என்றாலும் 750 கிராமுக்கு மேல் போடாதீர்கள். நிரப்பினால் சூடு சீராகப் பரவாது. அடுத்தடுத்து மூன்று வறுவல் போட்டு, அதே ஷீட்டில் அதே வரிகளை நிரப்புங்கள். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் மெஷின் சூடேறி நேரம் குறைந்துகொண்டே வந்தால், சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வும் வெப்பமானி இருக்கும் இடமும் சரியில்லை. ஆற வைக்கும் தட்டில் நாலு நிமிடத்துக்குள் கொட்டை ஆறுகிறதா என்று ஸ்டாப்வாட்சில் பாருங்கள். உதிரி பாகம் எங்கே கிடைக்கும், சேலத்துக்கு ஆள் வந்து பழுது பார்ப்பாரா என்பதையும் பேசி, அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.